குற்றநீக்கம் என்றால் அனுமதியா? சைக்கடெலிக் சட்டங்கள் பற்றிய ஓர் ஆய்வு

முன்னுரை

அமெரிக்காவில் போதைக் காளானுக்கு அனுமதி, ஆஸ்திரேலியாவில் போதை மாத்திரை மருந்தானது போன்ற தலைப்புகளை நம்மில் பலர் அண்மைக் காலமாகப் பார்த்து வருகிறோம். தலைப்பை மட்டும் படித்தவர், உலகமே கதவைத் திறந்துவிட்டது என்று எண்ணுவார். உள்ளே சென்று படித்தால்தான், ஒவ்வோர் இடத்திலும் திறக்கப்பட்ட கதவு வேறு வேறு என்பது தெரியவரும்.

நான் சட்டத்துறையில் பயிலும் மாணவி. ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்றவள். ஆகவே, சட்டச் சொற்கள் எனக்கு மலாயிலும் ஆங்கிலத்திலுமே அறிமுகமாயின. வீட்டில் அப்பாவுக்கு இதே செய்தியைத் தமிழில் விளக்கும்போது, ‘அனுமதி’ என்ற ஒரே சொல் நான்கு வெவ்வேறு நிலைகளைச் சுமந்து நிற்பதைக் கண்டேன். அந்த நான்கையும் பிரித்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல் விளக்கம்

புலனுணர்வையும் கால உணர்வையும் ‘நான்’ என்ற உணர்வையும் தற்காலிகமாக மாற்றும் பொருள்களைச் சைக்கடெலிக் என்பர். எல்.எஸ்.டி., சில காளான்களில் உள்ள சைலோசைபின், கள்ளிச்செடி வகையொன்றில் உள்ள மெஸ்கலின் ஆகியவை இவ்வகையின. எம்.டி.எம்.ஏ. அறிவியல்படி சற்று வேறுபட்டது எனினும், சட்ட விவாதங்களில் இவற்றோடு சேர்த்தே பேசப்படுகிறது.

இனி நான்கு நிலைகளைக் காண்போம்.

1. கண்டுகொள்ளாமை: சட்டம் மாறுவதில்லை. காவல்துறை அதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளும். 2019 மே மாதம் அமெரிக்காவின் டென்வர் நகர வாக்காளர்கள் சைலோசைபின் காளான் தொடர்பில் முடிவு செய்தது இதைத்தான்.

2. குற்றநீக்கம்: செயல் தடைசெய்யப்பட்டதாகவே இருக்கும், ஆனால், சிறையோ குற்றப்பதிவோ இராது. அபராதம் அல்லது ஆலோசனையோடு முடியும். போர்த்துகல் 2001 ஜூலை முதல் பத்து நாள் பயன்பாட்டுக்கு மேற்படாத அளவுக்கு இம்முறையைப் பின்பற்றுகிறது. விற்பனை அங்கு இன்றும் குற்றமே.

3. உரிமம் பெற்ற சேவை: அரசு உரிமம் பெற்ற இடத்தில், பயிற்சி பெற்றவர் முன்னிலையில் மட்டும் பயன்படுத்தலாம்.

4. மருத்துவ அனுமதி: மருத்துவர் எழுதித் தந்தால் மட்டும்.

தடை வந்த வரலாறு

மெக்சிகோவின் ஒவாஹாகா மலைப்பகுதியில் வாழும் மசாத்தெக் மக்கள் காளானை நோய்தீர்க்கும் சடங்கில் பயன்படுத்தி வந்தனர். அமெரிக்க வங்கியாளரான கார்டன் வாசன் 1955-இல் மரியா சபினா என்ற மூதாட்டி நடத்திய சடங்கில் கலந்துகொண்டு, 1957-இல் ‘லைஃப்’ இதழில் அதைப் பற்றி எழுதினார். அதன் பின் அந்த ஊருக்கு வெளிநாட்டார் திரண்டனர். மூதாட்டியின் அமைதி குலைந்தது. எல்.எஸ்.டி.யை 1938-இல் உருவாக்கிய சுவிட்சர்லாந்து வேதியியலாளர் ஆல்பர்ட் ஹோஃப்மன், 1958-இல் அக்காளானிலிருந்து சைலோசைபினைப் பிரித்தெடுத்தார்.

1950-களில் மருத்துவமனைகளில் ஆராயப்பட்ட இப்பொருள்கள், 1960-களில் இளைஞர்களிடம் பரவின. அமெரிக்கா 1970-இல் இயற்றிய கட்டுப்படுத்தப்பட்ட பொருள்கள் சட்டம் இவற்றை முதல் பட்டியலில் சேர்த்தது. 1971-இல் ஐக்கிய நாடுகளின் மனத்தூண்டல் பொருள்கள் உடன்படிக்கை அதையே உலகளாவிய நிலையாக்கியது. அதே உடன்படிக்கையின் 32-ஆம் பிரிவு, தம் மண்ணில் இயற்கையாக வளரும் செடிகளைச் சிறு குழுக்கள் சமயச் சடங்கில் மரபாகப் பயன்படுத்தினால், அதற்கு நாடுகள் விலக்குக் கோரலாம் என்கிறது. மெக்சிகோ அவ்வாறு விலக்குப் பெற்ற நாடாகும்.

ஓரிகன்: ஒரே நாளில் இரு சட்டங்கள்

குற்றநீக்கத்தையும் உரிமச் சேவையையும் அருகருகே வைத்துப் பார்க்க அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை எனலாம். 2020 நவம்பரில் அம்மாநில மக்கள் ஒரே வாக்குச்சீட்டில் இரண்டையும் ஏற்றனர்.

110-ஆம் தீர்மானம் ஏறக்குறைய 58 விழுக்காட்டு ஆதரவு பெற்றது. எல்லாப் போதைப்பொருள்களையும் சிறிய அளவில் வைத்திருப்பதை அது குற்றப்பட்டியலிலிருந்து நீக்கியது. 12 கிராமுக்குக் குறைவான சைலோசைபின், 1 கிராமுக்குக் குறைவான ஹெராயின் என அளவுகள் வகுக்கப்பட்டன. பிடிபட்டவருக்கு 100 டாலர் அபராதம். உதவித் தொலைபேசி எண்ணை அழைத்து உடல்நலப் பரிசோதனைக்கு உட்பட்டால் அதுவும் இல்லை. 2021 பிப்ரவரி முதல் நாள் இது நடப்புக்கு வந்தது.

109-ஆம் தீர்மானம் ஏறக்குறைய 56 விழுக்காட்டு ஆதரவு பெற்றது. இது சைலோசைபினுக்கு மட்டுமே உரியது. 21 வயது நிறைந்தவர், உரிமம் பெற்ற மையத்துக்குச் சென்று, முன்னாயத்தச் சந்திப்பை முடித்து, வழிநடத்துநர் முன்னிலையில் உட்கொள்ளலாம். மருத்துவர் சீட்டு தேவையில்லை. ஆயினும், ஒரு துண்டுக் காளானைக்கூட வீட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது. விதிகளை வகுக்க இரண்டு ஆண்டுகள் ஒதுக்கப்பட்டன. 2023-இல்தான் முதல் மையம் இயங்கத் தொடங்கியது.

முடிவு என்னவாயிற்று? 110-ஆம் தீர்மானம் நான்கு ஆண்டுகள்கூட நீடிக்கவில்லை. 2024 ஏப்ரலில் ஆளுநர் டினா கோட்டெக் புதிய சட்டத்தில் கையெழுத்திட்டார். அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாளிலிருந்து சிறிய அளவு வைத்திருப்பதும் மீண்டும் குற்றமானது. 180 நாள் வரை சிறை விதிக்கலாம். சிகிச்சைக்கு உடன்படுவோரை வழக்கிலிருந்து திசைதிருப்பும் ஏற்பாடும் அதில் உண்டு. 109-ஆம் தீர்மானம் பிழைத்துக்கொண்டது.

ஒன்று ஏன் கவிழ்ந்தது?

முதற்காரணம் வரிசை மாறியதாகும். தண்டனை உடனே நீங்கியது. சிகிச்சை நிலையங்களுக்கான பணமோ ஓராண்டுக்கு மேல் தாமதமாகத்தான் சென்று சேர்ந்தது. அபராதச் சீட்டுப் பெற்றவர்களில் பெரும்பாலோர் பணமும் கட்டவில்லை, உதவி எண்ணையும் அழைக்கவில்லை. இரண்டாவது, அதே காலத்தில்தான் ஃபென்டனில் என்னும் கொடிய பொருள் மேற்குக் கரை மாநிலங்களில் பரவி உயிர்களைப் பறித்தது. இறப்புகளுக்குக் குற்றநீக்கமே காரணமா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை. ஃபென்டனிலின் வரவைக் கணக்கில் கொண்டால் அத்தொடர்பு தெரியவில்லை என்று கூறும் ஆய்வும் உண்டு. ஆனால், தெருவில் கண்ணெதிரே கண்ட காட்சிகளை வைத்தே வாக்காளர்கள் பலர் தங்கள் கருத்தை மாற்றிக்கொண்டனர்.

உரிமச் சேவைக்கும் குறைகள் இல்லாமல் இல்லை. ஓர் அமர்வுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் செலவாகலாம். மன உளைச்சலில் தவிக்கும் ஏழைத் தொழிலாளிக்கு அந்தக் கதவு திறந்தும் மூடியதே. மேலும், பல வட்டாரங்கள் தங்கள் எல்லைக்குள் மையங்கள் வேண்டாம் என்று வாக்களித்துள்ளன. கூட்டரசுச் சட்டப்படி சைலோசைபின் இன்னும் முதல் பட்டியலிலேயே உள்ளது.

ஒரு சொல்லில் தொங்கும் சட்டம்

மொழிக் கழகத்தார் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று நெதர்லாந்தில் உள்ளது. பிரெஞ்சு மாணவி ஒருத்தியின் 2007-ஆம் ஆண்டு மரணத்துக்குப் பின், அந்நாடு 2008 டிசம்பரில் போதைக் காளான்களை இனம் இனமாகப் பெயரிட்டுத் தடை செய்தது. மண்ணுக்கடியில் உருவாகும் ‘டிரஃபிள்’ எனப்படும் முடிச்சு அப்பட்டியலில் இல்லை. அதிலும் சைலோசைபின் உண்டு. கடைகளில் விற்பனை தொடர்ந்தது. பிரிட்டனிலும் 2005 ஜூலை வரை, பதப்படுத்திய காளான் கடுங்குற்றம், பறித்த பச்சைக் காளான் குற்றமன்று என்ற நிலை நிலவியது. ஒரு சொல் இருப்பதும் இல்லாததும் ஒருவரைச் சிறைக்கு அனுப்பவோ வீட்டுக்கு அனுப்பவோ வல்லவை.

மருத்துவப் பாதை

ஆஸ்திரேலியா 2023 ஜூலை முதல் நாளிலிருந்து, தனி அங்கீகாரம் பெற்ற மனநல மருத்துவர்கள் இரு நோய்களுக்கு மட்டும் இவற்றைத் தரலாம் என்றது: பிற சிகிச்சைக்கு வசப்படாத மனச்சோர்வுக்குச் சைலோசைபின், பேரதிர்ச்சிக்குப் பிந்திய மனநோய்க்கு எம்.டி.எம்.ஏ. மாறாக, அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 ஆகஸ்டில் எம்.டி.எம்.ஏ. சிகிச்சைக்கான விண்ணப்பத்தை ஏற்க மறுத்து, மேலும் ஆய்வு கேட்டது. ஒரே பொருளை ஒரு நாடு ஏற்றது. மற்றொன்று காத்திருக்கச் சொன்னது.

நம் நாட்டில்

மலேசியாவில் 1952-ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டமே அடிப்படை. அதன் 15-ஆம் பிரிவின்கீழ், பட்டியலில் உள்ள பொருளைத் தானே உட்கொண்டவருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதமோ இரண்டாண்டு வரை சிறையோ விதிக்கப்படலாம். அதன்பின் ஈராண்டு முதல் மூவாண்டு வரை கண்காணிப்பும் உண்டு. கடத்தலுக்கான 39பி பிரிவில் மரண தண்டனை இன்றும் இருக்கிறது. 2023 ஜூலை முதல் அது கட்டாயமன்று, நீதிபதியின் முடிவுக்குரியது. 2019 ஜூனில் அப்போதைய சுகாதார அமைச்சர் சுல்கிஃப்ளி அமாட், சொந்தப் பயன்பாட்டுக்குக் குற்றநீக்கம் கொண்டுவரும் எண்ணத்தை அறிவித்தார். 2020-இல் ஆட்சி மாறியது, அத்திட்டம் சட்டமாகவில்லை.

சிங்கப்பூரில் பணிபுரியும் நம் முன்னாள் மாணவர்களுக்கு ஒரு செய்தி. அந்நாட்டுக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் போதைப்பொருள் உட்கொண்டாலும், திரும்பி வந்தபின் வழக்கை எதிர்நோக்கலாம். ஓரிகனில் செல்லுபடியானது சாங்கியில் செல்லாது.

தமிழ்ப்பள்ளியில் என்னோடு ஒரே வரிசையில் அமர்ந்து படித்த ஒருவன் பத்தொன்பது வயதில் சிறுநீர்ப் பரிசோதனையில் சிக்கினான். அவன் எடுத்தது காளானன்று. நம் வட்டாரத்தில் மலிவாகக் கிடைப்பது. தண்டனைக் காலம் முடிந்துவிட்டது. ஆனால், வேலை விண்ணப்பப் பாரத்தில் ‘குற்றப்பதிவு உண்டா’ என்ற கட்டம் வரும்போதெல்லாம் அது மீண்டும் தொடங்குகிறது. குற்றநீக்கம் பற்றிய விவாதம் எனக்கு வெளிநாட்டுச் செய்தியாக மட்டும் தெரியாததற்கு அவனே காரணம்.

முடிவுரை

போதைப்பொருள் தீங்கற்றது என்று இக்கட்டுரை வாதிடவில்லை. சைக்கடெலிக் பொருள்கள் சிலருக்குக் கடும் பீதியையும், மனநோய்க்கூறு உள்ளவர்களுக்கு நோயையும் தூண்டக்கூடியவை. தீங்கு உண்டென்பது ஒரு கேள்வி. தீங்குக்கு ஆளானவரைச் சிறைக்கு அனுப்புவதா, சிகிச்சைக்கு அனுப்புவதா என்பது வேறொரு கேள்வி. இரண்டாவது பாதையை விரும்பும் எந்த நாடும், சிகிச்சை நிலையத்தை முதலில் கட்டிவிட்டுத்தான் சிறைக்கதவைத் திறக்க வேண்டும் என்பதே ஓரிகன் தரும் பாடமாக எனக்குப் படுகிறது.

இந்த விவாதம் நம் நாட்டில் மீண்டும் எழும்போது, தமிழ் வீடுகளிலும் அது பேசப்பட வேண்டும். அப்போது குற்றநீக்கம், உரிமச் சேவை, மருத்துவ அனுமதி என்ற சொற்களை அவற்றின் எல்லையோடு நாம் பயன்படுத்துவோம். பிள்ளை பிடிபட்ட இரவில் காவல் நிலைய வாசலில் நிற்கும் தாய்க்கு, அவன் எந்தப் பிரிவின்கீழ் பிடிபட்டான், அதன் பொருள் என்ன என்று தமிழில் எடுத்துச் சொல்ல நம்மில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.