காப்பகம் இருந்தும் நடைபாதையில் ஏன்?

கேள்வி: மயிலாப்பூர் மாட வீதிக்குப் பக்கத்தில் ஒரு குடும்பம் பல வருஷமாக நடைபாதையிலேயே வாழ்கிறது. கணவன், மனைவி, பள்ளிக்கூடம் போகும் பையனும் பெண்ணும், ஒரு பாட்டி. மாநகராட்சிக் காப்பகத்தில் எல்லாம் இலவசம் என்கிறார்களே, ஏன் அங்கே போவதில்லை?
– வாசகி, மயிலாப்பூர்

பதில்: அந்த வழியாகத் தினமும் போகிறவர்கள் ஆயிரம் பேர், நின்று ‘ஏன்’ என்று கேட்பவர்கள் வெகு சிலர். நல்ல கேள்வி, அம்மா.

பலரும் சட்டென்று சொல்லும் பதில் ஒன்று உண்டு: “உழைக்க மனசில்லை, பிச்சையெடுத்துப் பழகிவிட்டது.” இது தவறு. விடியற்காலையில் அங்கே போய்ப் பாருங்கள். கடைக்காரர் ஷட்டரைத் தூக்குவதற்குள் பாய் சுருட்டியாகிவிடும். தார்ப்பாயை மடித்துச் சுவரோரம் கட்டிவிட்டு, ஒருவர் பூ கட்ட உட்காருவார், ஒருவர் வீட்டு வேலைக்குக் கிளம்புவார், இன்னொருவர் மூட்டை தூக்கப் போவார். சென்னை நடைபாதைக் குடும்பங்களில் பல, இரண்டு மூன்று தலைமுறையாக அதே தெருவில் இருப்பவை.

அப்படியானால் உண்மைக் காரணம் என்ன?

முதலாவது, காப்பகத்தின் அமைப்பு. ஒரு லட்சம் மக்களுக்கு ஒன்று வீதம், வருஷம் முழுக்க, 24 மணி நேரமும் திறந்திருக்கும் காப்பகம் வேண்டும் என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2013-இல் வந்த மத்திய அரசுத் திட்டம், தலைக்கு 50 சதுர அடி இடம் என்று வரையறுத்தது. சென்னையில் தொண்டு நிறுவனங்கள் மூலம் மாநகராட்சி இந்தக் காப்பகங்களை நடத்துகிறது. ஆனால் பெரும்பாலானவை ஆண்களுக்கு, பெண்களுக்கு, சிறுவர்களுக்கு, மனநலம் குன்றியவர்களுக்கு என்று தனித்தனி. நீங்கள் சொல்லும் குடும்பம் அங்கே போனால் அப்பா ஓரிடம், அம்மா ஓரிடம், வளர்ந்த பையன் வேறோர் இடம். குடும்பக் காப்பகம் விதியில் உண்டு, நடைமுறையில் அரிது.

இரண்டாவது, பிழைப்பு. பூக்கடையும் வேலை செய்யும் வீடுகளும் பிள்ளைகளின் பள்ளியும் மயிலாப்பூரில். காப்பகம் தூரத்தில் இருந்தால் பஸ் பிடித்து வருவதற்குள் வேலை போய்விடும். மூன்றாவது, சாமான். ட்ரங்க் பெட்டி, அடுப்பு, குடம் எல்லாவற்றையும் காப்பகத்தில் வைக்க இடமிருக்காது. விட்டுவிட்டுப் போனால் திரும்பும்போது இருக்காது.

இதற்கு ஒரு சான்று சொல்கிறேன். பெருமழையில் பக்கத்துப் பள்ளியிலோ சமுதாயக் கூடத்திலோ மாநகராட்சி நிவாரண முகாம் திறந்தால், இப்படிப்பட்ட குடும்பங்கள் போய்த் தங்குகின்றன. அங்கே எல்லோரும் சேர்ந்து இருக்கலாம், அதுவும் அருகிலேயே.

நிரந்தர வீட்டிலும் இதே சிக்கல்தான். நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம், அதாவது பழைய குடிசை மாற்று வாரியம், தொலைவிலுள்ள கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் குடியமர்த்தியது. பிழைப்போ நகரத்துக்குள். 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகள் இடிக்கப்பட்டபோது மக்கள் போராடியதும் இதற்காகத்தான். அதன் பிறகே, மந்தைவெளி, மயிலாப்பூர் பகுதிகளில் கட்டப்படும் குடியிருப்புகளில் இடம் தருவதாக முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார்.

நீங்கள் செய்யக்கூடியது உண்டு. தனியாகக் கிடக்கும் முதியவரையோ நோயாளியையோ கண்டால் மாநகராட்சியின் 1913 எண்ணுக்குச் சொல்லுங்கள். அவர்களுக்குக் காப்பகம் உயிர் காக்கும் இடம். குடும்பமாக இருப்பவர்களிடம் முதலில் பேசுங்கள்: ரேஷன் கார்டு, ஆதார், வாக்காளர் அட்டை இருக்கிறதா? வீடு கேட்டு வாரியத்தில் மனு கொடுத்திருக்கிறார்களா? முகவரி இல்லாதவர்களுக்கு மனு எழுதவும் அலுவலகத்துக்கு அலையவும் துணை வேண்டும். உங்கள் பகுதியிலேயே ஒரு குடும்பக் காப்பகம் வேண்டும் என்று வார்டு கவுன்சிலரிடம் எழுதிக் கொடுங்கள். குடும்பத்தையும் பிழைப்பையும் பிரிக்காத கூரை கிடைத்தால் அவர்கள் நடைபாதையில் இருக்கப் போவதில்லை.