ஒரு கோடி ரூபாய் ஏணியும் நடுநிலைப் பள்ளிக் கணக்கும்

2000ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஸ்டார் பிளஸ் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘கௌன் பனேகா குரோர்பதி’ என்னும் இந்தி வினாவிடை நிகழ்ச்சியை அறியாத மாணாக்கர் வட இந்தியாவில் அரியர். அமிதாப் பச்சன் நடத்திய அந்த முதல் தொடரில் வினாக்கள் பதினைந்து. சரியான விடை ஒவ்வொன்றுக்கும் பரிசுத்தொகை ஒரு படி ஏறும். கணித ஆசிரியருக்கு அவ்வினாக்களால் பெரிய பயனில்லை. பரிசு ஏணியே அவருக்குரிய பாடம். அதற்குத் தொலைக்காட்சிப் பெட்டி வேண்டுவதில்லை, கரும்பலகை போதும்.

ஏணியின் முதல் ஐந்து படிகள் 1,000, 2,000, 3,000, 5,000, 10,000 ரூபாய். அடுத்து 20,000, 40,000, 80,000, 1,60,000, 3,20,000, 6,40,000, பின்னர் 12,50,000, 25,00,000, 50,00,000, உச்சியில் 1,00,00,000. இதனை எழுதிக் காட்டி, ஐந்தாம் படிக்கு மேல் தொகை எவ்வாறு வளர்கிறது என்று வினவினால், ‘ஒவ்வொரு படியிலும் இரு மடங்கு’ என்ற விடை உடனே வரும். அவ்விடை தவறு. சரிபார்க்காமல் விதி கூறும் பழக்கத்தை இவ்விடத்தில்தான் பிடிக்க வேண்டும்.

6,40,000இன் இரு மடங்கு 12,80,000, ஏணியிலோ 12,50,000. அந்த 30,000 ரூபாய் எங்கே போயிற்று? மாணாக்கர் உச்சியிலிருந்து பாதி பாதியாக இறங்கிப் பார்க்கட்டும்: 50,00,000, 25,00,000, 12,50,000, அதன்பின் 6,25,000. கீழிருந்து ஏறும் வரிசையும் மேலிருந்து இறங்கும் வரிசையும் ஒட்டவில்லை. 10,000 ரூபாயைப் பத்து முறை இரட்டித்தால் 1,02,40,000 வரும். கோடியைவிட 2,40,000 மிகுதி. அது 30,000இன் எட்டு மடங்கு என்பதை மாணாக்கரே கண்டுபிடிக்க விடுதல் நன்று. நிகழ்ச்சியின் மூலமான பிரிட்டிஷ் நிகழ்ச்சியிலும் 64,000 பவுனுக்கு அடுத்த படி 1,25,000 பவுனே.

மேல் வகுப்பினருக்குச் சராசரிக் கணக்கு ஒன்று உண்டு. 12,50,000 ரூபாயை அடைந்த ஒருவர் அத்தொகையுடன் விலகலாம். அல்லது 25,00,000க்குரிய வினாவுக்கு விடை கூறலாம். விடை தவறினால் அவருக்குக் கிடைப்பது 3,20,000 மட்டுமே. நான்கு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு சொன்னால், கால் பங்கு 25,00,000உம் முக்கால் பங்கு 3,20,000உம் சேர்ந்து சராசரி 8,65,000; கையிலிருப்பதைவிடக் குறைவு. தவறான இரண்டு விடைகள் நீக்கப்பட்டபின் அதே சராசரி 14,10,000 ஆகிறது.

அப்படியானால் ஆடுவதே சரி என்று வகுப்பு முழக்கமிடும். அவசரம் வேண்டா. 14,10,000 ரூபாய் எவர் கைக்கும் வரப்போவதில்லை. வருவது 25,00,000 அல்லது 3,20,000. பலமுறை ஆட முடிந்தவருக்கே சராசரி துணை நிற்கும். இவர் ஆடுவதோ ஒரே முறை. வீட்டுக் கடனை அடைக்க 10,00,000 ரூபாய் தேவைப்படும் ஒருவர் அந்நாற்காலியில் இருந்தால் என்ன செய்வார் என்று கேட்டு, விடைகளைக் காரணத்துடன் எழுதி வாங்க வேண்டும்.