நெற்றியில் ஒரு கேமரா

கேள்வி: அந்தமானில் ஸ்நார்கெலிங் செய்யப் போகிறோம். கையில் பிடிக்காமல் படமெடுக்க எந்த கேமரா வாங்கலாம்? – வாசகி, மதுரை

பதில்: எப்போதோ ஒருமுறை மீன் பார்க்கப் போகிறவருக்குப் புது மாடல் எதற்கு? பழைய கோப்ரோ ஹீரோ 9 போதும். தனி உறை இல்லாமலே 10 மீட்டர் ஆழம் தாங்கும். நீங்கள் மிதக்கப்போவதோ மேல்மட்டத்தில். செகண்ட்ஹேண்ட் என்றால் பேட்டரிக் கதவின் ரப்பரை மட்டும் நன்றாகப் பாருங்கள். ஒரு மணல்துகள் சிக்கியிருந்தாலும் தண்ணீர் உள்ளே போய்விடும்.

தலைப்பட்டையில் மாட்டிக்கொள்ளலாம். ஆனால் தலையை மெதுவாகத் திருப்புங்கள். நான் எடுத்த முதல் வீடியோவைப் பார்த்து வீட்டில் எல்லோருக்கும் தலை சுற்றியது! தொடுதிரை தண்ணீருக்குள் வேலை செய்யாது. படகிலேயே பட்டனை அழுத்திவிட்டு இறங்குங்கள். கழன்றால் கல்லாக மூழ்கும், மாஸ்க் பட்டையோடு ஒரு கயிறு கட்டிவிடுங்கள். கரையேறியதும் நல்ல தண்ணீரில் அலசுங்கள்.