ஒன்றுக்குப் பன்னிரண்டு

தாம்பரம் வட்டாரப் பள்ளிகளில் சுற்றுலா என்றதும் வண்டலூர், வேடந்தாங்கல், மாமல்லபுரம், மெரினா என நான்கைந்து பெயர்களே முதலில் வரும். சில ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு பயணத்துக்குப் பெயர்ப்பட்டியல் எழுதினேன். ஏழாம் வகுப்பில் சக்கர நாற்காலியில் வரும் மாணவி ஒருத்தி இருந்தாள். அவளுக்குச் சிரமமாக இருக்கும் என்று நானே முடிவுசெய்து பெயரை விட்டுவிட்டேன். அவளிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. சென்று திரும்பிய மறுநாள் அவள் கேட்டாள்: "டீச்சர், அங்க எத்தனை படி இருந்துச்சு?"

எனக்குத் தெரியவில்லை. நாள் முழுவதும் ஏறி இறங்கியும் நான் எண்ணிப் பார்க்கவில்லை.

ஏழாம் வகுப்புச் சமூக அறிவியலில் சுற்றுலா ஒரு பாடமாகவே இருக்கிறது. வகைகளையும் இடங்களையும் படித்துத் தேர்வு எழுதுவதோடு அது முடிந்துவிடும். அந்த ஆண்டு முதல் நான் அதை அளவு நாடாவோடு நடத்துகிறேன். சாய்தளத்துக்கான அரசு வழிகாட்டு அளவு 1:12. ஒரு செ.மீ. உயரத்துக்கு 12 செ.மீ. நீளம் வேண்டும். ஆறாம் வகுப்பு விகிதக் கணக்கே இதற்குப் போதும். பத்தாம் வகுப்பில் இதுவே 'சாய்வு' ஆகிறது.

முதலில் எங்கள் பள்ளி வராந்தாவை அளந்தோம். 15 செ.மீ. உயரத்தில் மூன்று படிகள், மொத்தம் 45 செ.மீ. அதற்கு 540 செ.மீ. நீளச் சாய்தளம் வேண்டும். அங்கிருந்ததோ 270 செ.மீ., அதாவது 1:6. பதிவேட்டில் 'சாய்தளம் உண்டு' என்று எழுதியவர்களில் நானும் ஒருத்தி. யாராவது பின்னால் இருந்து தள்ளாமல் அவளால் அதில் ஏற முடியாது. கழிப்பறைக் கதவையும் அளந்துவிடுங்கள். குறைந்தது 90 செ.மீ. அகல வழி வேண்டும். பயணம் போகுமிடத்தில் முதலில் விசாரிக்க வேண்டியதும் கழிப்பறையைத்தான்.

இதை ஆய்வுத் துறையாகவே வளர்த்தவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் சைமன் டார்சியும் டிரேசி டிக்சனும் 2009இல் எழுதிய கட்டுரையில், அணுகத்தக்க சுற்றுலாவை வாழ்நாள் முழுவதற்குமான தேவையாகப் பார்க்கிறார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டுமல்ல, மூட்டுவலியுள்ள பாட்டிக்கும், கைக்குழந்தையோடு வரும் தாய்க்கும், காலில் மாவுக்கட்டுப் போட்டிருப்பவருக்கும் அதே பாதைதான் வேண்டும். "உங்கள் வீட்டில் படியேறச் சிரமப்படுபவர் யார்?" என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். கை தூக்காதவர்கள் சிலரே இருப்பார்கள்.

மெரினா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே மணலின் மேல் மாற்றுத்திறனாளிகளுக்கான மரப்பாதை 2022 நவம்பர் 27 அன்று திறக்கப்பட்டது. நீளம் 263 மீ., அகலம் 3 மீ. முதல்முறையாக அலைக்கு அருகே வந்து மகிழ்ந்த சக்கர நாற்காலிப் பயணிகளின் படங்கள் நாளிதழ்களில் வந்தன. இரண்டு வாரம்கூட ஆகவில்லை. டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடக்க, பாதையின் கடலோரப் பகுதி சிதைந்தது. பிறகு சீரமைத்தார்கள்.

எல்லோரையும் சேர்த்துக்கொள்வது ஒன்று, நிலைத்து நிற்பது இன்னொன்று; இந்த இரண்டு கேள்விகளும் அந்த ஒரே பாதையில் சந்திக்கின்றன. பங்குனி ஆமைகள் ஜனவரி முதல் முட்டையிட வரும் கடற்கரை இது. மரத்துக்கும் விளக்குக்கும் அங்கே எவ்வளவு இடம் தரலாம்? மீனவர்களையும் சுண்டல் விற்பவர்களையும் யார் கேட்டார்கள்? ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் செலவிட வேண்டுமா? இதை வகுப்பில் விவாதமாக நடத்தினேன். "ஆமைக்கு வேற இடம் இருக்கு, எங்க பாட்டிக்கு இல்ல" என்றான் ஒருவன். "ஆமைக்கும் இல்லடா" என்றாள் பின்வரிசையிலிருந்து ஒருத்தி. மணி அடித்த பிறகும் சண்டை ஓயவில்லை. நானும் தீர்ப்புச் சொல்லவில்லை.

இப்போது எங்கள் பயணத் திட்டத்தில் பெயர்ப்பட்டியலுக்கு முன்னால் ஒரு தாள் இருக்கிறது. ஒரு வாரம் முன்பே ஓர் ஆசிரியரும் இரண்டு மாணவர்களும் போய் வந்து நிரப்புவது. படிகள், சாய்தளம், கழிப்பறைக் கதவு, பேருந்து நிற்குமிடத்திலிருந்து வாயில் வரை உள்ள தூரம், குடிநீர். 2024 முதல் மாநகரில் தாழ்தளப் பேருந்துகள் ஓடுவதால், எந்தத் தடத்தில் எப்போது வரும் என்பதையும் அதில் எழுதுகிறோம்.

முதல் தாளை அவள்தான் நிரப்பினாள். 'படிகள்' என்ற கட்டத்தில் 14 என்று எழுதி, பக்கத்தில் சின்ன எழுத்தில், 'பின்வாசலில் 0' என்று சேர்த்திருந்தாள்.