மிதிவண்டி கற்பித்த பாடம்

உரைநடை உலகம்

நுழையும்முன்

வேலைக்கும் சுமைக்கும் உரிய கருவியாக நம்மிடம் வந்த மிதிவண்டி, இன்று உடல்நலத்திற்கும் உள்ளக் களிப்பிற்கும் துணையாக விளங்குகிறது. ஒரு கருவியை மேம்படுத்துவது என்பது புதிய உறுப்புகளை வாங்கிப் பூட்டுவதா? இருப்பதை அறிந்து பேணுவதா? மதுரையில் வாழும் தமிழாசிரியர் ஒருவரின் பட்டறிவு இவ்வினாவிற்கு விடை தேடுகிறது.

'மிதிவண்டி' என்னும் சொல்லை வினைத்தொகைக்கு எடுத்துக்காட்டாகக் கரும்பலகையில் பலமுறை எழுதியிருக்கிறேன். மிதித்த வண்டி, மிதிக்கின்ற வண்டி, மிதிக்கும் வண்டி என மூன்று காலத்திற்கும் அது பொருந்தி வரும் என்று விளக்கியும் இருக்கிறேன். அச்சொல் என் வாழ்விலும் மூன்று காலங்களுக்கும் பொருந்துவதை ஐம்பது வயதைக் கடந்த பிறகே உணர்ந்தேன்.

மிதித்த வண்டி

என் சிறுவயதில் எங்கள் தெருமுனையில் வாடகை மிதிவண்டிக் கடை ஒன்று இருந்தது. கடைக்காரர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, வண்டி எடுத்த நேரத்தைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார். சிறுவர்க்குரிய வண்டிகள் இரண்டே இருந்தன. அவை எப்போதும் பிறர் கையில் இருக்கும். ஆகவே, தந்தையின் உயரமான வண்டியையே நாடினேன். இருக்கையில் அமர்ந்தால் கால் எட்டாது. குறுக்குக் கம்பிக்குக் கீழே ஒரு காலை நுழைத்து, உடலை ஒருபுறம் சாய்த்து மிதிக்கும் 'குரங்குப் பெடல்' முறையே கைகொடுத்தது. முழங்காலில் இன்றும் இருக்கும் தழும்பு அந்நாளின் சான்று.

வளர்ந்தபின் அதே வண்டியில் கல்லூரிக்குச் சென்றேன். அது அரிசி மூட்டையைச் சுமந்தது. நோயுற்ற பாட்டியைப் பின்னே அமர்த்தி மருத்துவமனைக்குக் கொண்டுசென்றது. எங்கள் வீட்டில் மகிழ்ச்சிக்காக மட்டும் மிதிவண்டி ஓட்டியவர் எவருமில்லை. நான் பணியில் சேர்ந்து மோட்டார் வாகனம் வாங்கியதும் அது கொல்லைச் சுவரில் சாய்ந்தது. அதன் சக்கரங்களில் காற்று இறங்கியதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

மிதிக்கின்ற வண்டி

ஐம்பதாவது வயதில், மாடியிலுள்ள வகுப்பறையை அடைவதற்குள் மூச்சு வாங்கத் தொடங்கியது. வருகைப்பதிவேட்டைத் திறக்குமுன் நாற்காலியில் சிறிது நேரம் அமரவேண்டியிருந்தது. அந்தக் கோடை விடுமுறையில், கொல்லையில் கிடந்த வண்டிக்கு டயரும் டியூபும் மாற்றினேன். முதல்நாள் இரண்டு கிலோமீட்டர் ஓட்டிவிட்டுத் தள்ளிக்கொண்டு திரும்பினேன். மூன்றாவது மாதத்தில், விடியலில் மிதிவண்டி ஓட்டும் நால்வருடன் ஐந்தாமவனாகச் சேர்ந்தேன்.

ஞாயிறுதோறும் ஐந்து மணிக்கு, முன்னும் பின்னும் விளக்கெரிய, தலைக்கவசம் அணிந்து புறப்படுவோம். வைகைப் பாலத்தைக் கடந்து, புதூர் வழியாக அழகர்கோவில் சாலையில் செல்வோம். கடச்சனேந்தலைத் தாண்டும்போது வலப்புறத்தில் யானைமலை இருளிலிருந்து மெல்ல உருப்பெறும். அப்பன்திருப்பதியை நெருங்கும்போது முன்னே அழகர்மலை தெளிந்து நிற்கும். ஏறத்தாழ 20 கிலோமீட்டர் ஓட்டியபின் மலையடிவாரத்தில் தேநீர் அருந்தித் திரும்புவோம்.

அச்சாலையில் நான் பேருந்தில் சென்ற நாள்கள் எண்ணிலடங்கா. ஆயினும், அது எவ்விடத்தில் ஏறுகிறது, எவ்விடத்தில் மரநிழல் குளிர்கிறது, எவ்விடத்தில் வயலின் ஈரமணம் தொடங்குகிறது என்பவற்றை மிதித்துச் சென்றபோதுதான் அறிந்தேன். பேருந்தில் என் கண்கள் மட்டுமே பயணம் செய்தன. மிதிவண்டியில் தோலும் மூக்கும் செவியும் உடன்வந்தன.

காற்றின் வலிமையையும் அச்சாலையே கற்பித்தது. வேகம் இருமடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அதை வெல்லக் கால்கள் தரவேண்டிய திறனோ எட்டு மடங்காகும். எதிர்காற்று வீசும் நாளில் ஒருவர் முன்சென்று காற்றைப் பிளக்க, மற்றவர் அவருக்குப் பின்னே வரிசையாகச் செல்வோம். முன்சென்றவர் களைத்ததும் பின்னே வந்து சேர்வார், அடுத்தவர் முன்செல்வார். எவரும் விதி வகுக்காமலே எங்களுக்குள் இவ்வழக்கம் உருவாயிற்று.

வேட்கையும் வலியும்

தேநீர்க் கடையில் பேச்சு பெரும்பாலும் வண்டிகளைப் பற்றியே இருக்கும். எவருடைய வண்டி எடை குறைந்தது, எவருடைய டயர் வழுக்காதது என்று பேசிப்பேசி, என் பழைய வண்டியின்மீது எனக்கு மதிப்புக் குறைந்தது. அலுமினியச் சட்டகமும் கியர்களும் கொண்ட வண்டி ஒன்றை வாங்கினேன். பின்னர் மெல்லிய டயர்கள், எடை குறைந்த சக்கரங்கள், புதிய இருக்கை என ஒவ்வொன்றாக மாற்றினேன். ஓராண்டில் உதிரி உறுப்புகளுக்குச் செலவிட்ட தொகை வண்டியின் விலையில் பாதியைத் தாண்டியது.

வேகம் சற்றுக் கூடியது. முழங்கால் வலியும் கூடியது. இதற்கும் ஏதேனும் ஓர் உறுப்பை மாற்றவேண்டும் என்றே எண்ணினேன். காற்றடிப்பதற்காகச் சென்ற இடத்தில், எழுபது வயதை நெருங்கிய மிதிவண்டிப் பழுதுநீக்குநர் நான் ஏறி அமர்வதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"வாத்தியாரையா, முட்டி வலிக்குதா?"

"ஆமாம் ஐயா, உங்களுக்கு எப்படித் தெரிந்தது?"

"உக்காந்திருக்கிறதப் பாத்தாலே தெரியுதே! சுவரப் பிடிச்சுக்கிட்டு, குதிகாலப் பெடல்ல வைங்க."

மிதிகட்டை மிகத் தாழ்ந்திருந்த நிலையிலும் என் கால் நன்கு மடங்கியே இருந்தது. அவர் திருகைத் தளர்த்தி, இருக்கையை மூன்று விரற்கடை உயர்த்தினார். இரண்டு வாரங்களில் வலி தணிந்தது. அன்று அவர் காற்றடித்ததற்கு மட்டுமே காசு வாங்கிக்கொண்டார்.

இருக்கையின் உயரத்தை அறிய எளிய வழி இதுவே: மிதிகட்டை மிகத் தாழ்ந்த நிலையில் குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீளவேண்டும். பின்பு, பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்கும். இருக்கைத் தண்டில் பொறித்துள்ள எல்லைக்கோடு வெளியே தெரியுமளவிற்கு உயர்த்துதல் கூடாது.

பல்சக்கரக் கணக்கு

என் வலிக்கு மற்றொரு காரணமும் இருந்தது. கடினமான கியரில் மிதிப்பதே திறமை என்று கருதியிருந்தேன். முன்பல்சக்கரத்தில் 44 பற்களும் பின்பல்சக்கரத்தில் 22 பற்களும் இருப்பின், மிதிகட்டை ஒருமுறை சுற்றும்போது பின்சக்கரம் இருமுறை சுற்றும். சக்கரத்தின் சுற்றளவு 2.1 மீட்டர் எனில், வண்டி 4.2 மீட்டர் முன்செல்லும். பின்னே 11 பற்கள் உள்ள சக்கரத்திற்குச் சங்கிலியை மாற்றினால், ஒரே சுற்றில் 8.4 மீட்டர் செல்லலாம். ஆனால், அதற்கேற்ப இருமடங்கு விசையுடன் மிதிக்கவேண்டும். கியர் நம் உழைப்பைக் குறைப்பதில்லை; பாதைக்கேற்பப் பங்கிட்டுத் தருகிறது. மேட்டில் எளிய கியரில் விரைந்து மிதிப்பவர் முழங்காலைக் காத்துக்கொள்கிறார்.

ஏற்காட்டு இறக்கம்

அவ்வாண்டின் இறுதியில், சேலத்திலிருந்து ஏற்காட்டிற்கு ஐவரும் சென்றோம். 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட மலைச்சாலை அது. என் புதிய சக்கரங்களின் எடைக்குறைவைப் புகழ்ந்துகொண்டே மேலேறினேன்.

இறங்கும்போது, ஒரு வளைவிற்குமுன் பிரேக்கை அழுத்தினேன். பிடி, கைப்பிடியைத் தொடும்வரை வந்துவிட்டது. வேகம் குறையவில்லை. உலோகம் உரசும் ஒலி மட்டும் கேட்டது. பள்ளத்தாக்கின் பக்கம் செல்லாமல், வண்டியை மலைச்சரிவின் ஓரத்திலிருந்த வடிகாலை நோக்கித் திருப்பினேன். முழங்கை தோலுரிந்து விழுந்து கிடந்தபோது, அவ்வளைவில் ஒரு பேருந்து ஒலியெழுப்பியபடி மேலேறிச் சென்றது.

பிரேக் கட்டைகள் முற்றிலும் தேய்ந்திருந்தன. அவற்றை மாற்றியிருந்தால், அன்று ஐவரும் உண்ட காலையுணவின் விலைகூட ஆகியிருக்காது. சக்கரத்தை மாற்றியவன் கட்டையைப் பார்க்கவில்லை. எஞ்சிய தொலைவை வண்டியைத் தள்ளிக்கொண்டே இறங்கினேன்.

குறையும் விடையும்

அடிவாரம்வரை நடந்த அந்நேரத்தில், மேம்பாடு என்பதன் பொருளைச் சிந்தித்தேன். மிதிவண்டியின் வரலாறே அதற்கு விடை தருகிறது. 1817ஆம் ஆண்டில் ஜெர்மனியின் மேன்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் உருவாக்கிய இருசக்கர வண்டிக்கு மிதிகட்டை இல்லை. கால்களால் தரையை உந்தியே செல்லவேண்டும். பின்னர் முன்சக்கரத்திலேயே மிதிகட்டைகளைப் பொருத்தினர். ஒரு சுற்றில் நெடுந்தொலைவு செல்ல முன்சக்கரத்தைப் பெரிதாக்கினர். உயரத்தில் அமர்ந்தவர் தலைகுப்புற விழும் இடர் ஏற்பட்டது. 1885ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி, சங்கிலியால் பின்சக்கரத்தை இயக்கும் வண்டியை உருவாக்கி அவ்விடரைக் குறைத்தார். 1888ஆம் ஆண்டில் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்றுசக்கர வண்டி குலுங்காமல் செல்லவேண்டும் என்று காற்றடைத்த டயரை அமைத்தார்.

இவற்றுள் ஒவ்வொன்றும் பாதையில் உணர்ந்த ஒரு குறைக்குக் கிடைத்த விடையாகும். நானோ குறையை அறியாமலே விடைகளை வாங்கிக் குவித்திருந்தேன்.

குறையை அறிந்து கருவியைத் தேர்ந்தவர்களை நம் மண்ணிலேயே காணலாம். 1990களின் தொடக்கத்தில், புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டிப் பயிற்சியையும் ஊரகப் பெண்களிடம் கொண்டுசென்றது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அம்முயற்சிக்கு ஊக்கமளித்தார். ஏளனப் பேச்சுகளைப் பொருட்படுத்தாமல் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். பெண்களுக்கென வடிவமைக்கப்பட்ட வண்டிகள் இருந்தும், அவர்களுள் சிலர் குறுக்குக் கம்பி உள்ள ஆண்கள் வண்டியையே விரும்பினர். குழந்தையை அமர்த்திச் செல்ல அக்கம்பி உதவியது என்பதே காரணம். தம் தேவையை அறிந்தவர்க்குக் கருவியைத் தேர்வது எளிது; அவர்களுக்கு மிதிவண்டி விடுதலையின் ஊர்தியாயிற்று.

தெரியுமா?

ஐக்கிய நாடுகள் அவை 2018ஆம் ஆண்டில் அறிவித்தபடி, ஆண்டுதோறும் ஜூன் 3ஆம் நாள் உலக மிதிவண்டி நாளாகக் கொண்டாடப்படுகிறது.

மிதிக்கும் வண்டி

இப்போது சனிக்கிழமை மாலை எனக்குரிய பணி வேறு. சங்கிலியைத் துடைத்து எண்ணெய் இடுகிறேன். புதிய சங்கிலியில் 24 கண்ணிகளின் நீளம் 12 அங்குலம். அது எட்டில் ஒரு பங்கு அங்குலம் நீண்டிருந்தால் சங்கிலி அளவுமீறித் தேய்ந்துவிட்டது என்று பொருள். டயரின் பக்கத்தில் பொறித்துள்ள அளவைப் பார்த்துக் காற்றடிக்கிறேன். பிரேக் கட்டைகளைத் தவறாமல் பார்க்கிறேன். பங்க்சர் ஆன டியூபைத் தண்ணீரில் அமிழ்த்திக் குமிழி கண்டு, உப்புத்தாளால் தேய்த்து ஒட்டவும் அந்தப் பெரியவரிடமே கற்றுக்கொண்டேன்.

மாணவர்களே, உங்களுள் பலரிடம் அரசு வழங்கிய விலையில்லா மிதிவண்டி இருக்கும். என் மாணவி ஒருத்தி நாள்தோறும் ஏழு கிலோமீட்டர் மிதித்துப் பள்ளிக்கு வருவாள். வழியில் இருமுறை இறங்கி நின்று, பெரும்பாலும் தாமதமாகவே வந்து சேர்வாள். "கியர் வண்டி இருந்தால் சீக்கிரம் வந்திருவேன் ஐயா" என்று ஒருநாள் சொன்னாள். வண்டி வழங்கப்பட்ட நாளில் இருந்த உயரத்திலேயே அதன் இருக்கை இருந்தது. அவளையே திருகைத் தளர்த்தச் சொல்லி, குதிகாலை வைத்துப் பார்க்கச் சொல்லி, இருக்கையை உயர்த்தினோம், டயருக்குக் காற்றடித்தோம். மறுவாரம் முதல் மணி அடிக்குமுன் அவள் வகுப்பில் இருந்தாள். இன்று தோழியரின் வண்டிகளுக்கு அவளே இருக்கை உயரம் பார்த்துத் தருகிறாள்.

புதிய உறுப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதலில் வண்டியைப் பொருத்துங்கள், பேணுங்கள், நெடுந்தொலைவு ஓட்டுங்கள். எது குறைகிறது என்பதைப் பாதையே உங்களுக்குச் சொல்லும். அப்போது வாங்குவதே மேம்பாடு.

கொல்லையில் கிடந்த தந்தையின் வண்டியை நான் விற்கவில்லை. கோட்டம் எடுத்த சக்கரங்களோடு அது இப்போது வீட்டின் முன்னே நிற்கிறது. பள்ளிக்கு அதில்தான் செல்கிறேன். மாடிப்படி ஏறியதும் வருகைப்பதிவேட்டை நின்றுகொண்டே திறக்கிறேன்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் மிதிவண்டியின் முன், பின் பல்சக்கரங்களிலுள்ள பற்களை எண்ணி, மிதிகட்டையின் ஒரு சுற்றில் வண்டி செல்லும் தொலைவைக் கணக்கிடுக.

2. உங்கள் ஊரிலுள்ள மிதிவண்டிப் பழுதுநீக்குநரிடம் நேர்காணல் செய்து, அவர் பயன்படுத்தும் தொழிற்சொற்களைத் தொகுக்க.

மதிப்பீடு

குறுவினா

1. 'மிதிவண்டி' வினைத்தொகை ஆவது எவ்வாறு?

2. இருக்கையின் உயரத்தை அறியும் எளிய வழி யாது?

சிறுவினா

3. புதுக்கோட்டைப் பெண்கள் சிலர் குறுக்குக் கம்பி உள்ள வண்டியை விரும்பியதன் காரணத்தை விளக்குக.

நெடுவினா

4. 'குறையை அறியாமலே விடைகளை வாங்கிக் குவித்திருந்தேன்' – இக்கூற்றை மிதிவண்டியின் வரலாற்றோடும் உங்கள் பட்டறிவோடும் ஒப்பிட்டுக் கட்டுரை எழுதுக.