மருந்து ஏற்றுமுன் ஓர் இரத்தப் பரிசோதனை



இந்த மாதப் பாடம், இரண்டு நோய்கள் ஒரே உடலில் சந்திக்கும்போது நேரிடுவதைப் பற்றியது.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் வேலை பார்க்கும் ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். கழுத்தில் வலியில்லாத நெறிக்கட்டு. இரவில் சட்டை நனையும் வியர்வை. எடையும் குறைகிறது. கட்டியிலிருந்து சதை எடுத்துப் பார்த்ததில் லிம்போமா, அதாவது நிணநீர்ப் புற்றுநோய், என்று தெரிகிறது. குடும்பத்தார் கலங்குகிறார்கள். டாக்டரோ, மருந்துக்கு நன்கு கட்டுப்படும் புற்றுநோய்களில் இதுவும் ஒன்று என்று தைரியம் சொல்கிறார். பிறகு ஒன்று கேட்கிறார்: "உங்களுக்கு எப்போதாவது மஞ்சள் காமாலை வந்ததுண்டா?"

"சின்ன வயசுல வந்துச்சு சார். கீழாநெல்லி அரைச்சுக் குடுத்தாங்க, சரியாப் போச்சு."

காமாலை போனால் கிருமியும் போயிற்றா?

காமாலைக்குப் பல காரணங்கள் உண்டு; பெரும்பாலும் தானே தணியும். ஆனால் ஹெப்படைட்டிஸ் பி கிருமி, கண்ணில் மஞ்சள் மறைந்த பின்னும் ஈரலில் தங்கிவிடலாம். காமாலையே வராமல் கிருமியைச் சுமப்பவர்களும் பலர். கீழாநெல்லியைப் பற்றி நம் சென்னையிலேயே ஆராய்ச்சி நடந்தது. டாக்டர் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், இந்தக் கிருமி பற்றிய கண்டுபிடிப்புக்காக 1976-ல் நோபல் பரிசு பெற்ற பரூக் புளும்பெர்க்குடன் சேர்ந்து 1988-ல் 'லான்செட்' இதழில் வெளியிட்ட முடிவுகள் பெரும் நம்பிக்கை தந்தன. பின்வந்த ஆய்வுகளில் அந்தப் பலன் உறுதிப்படவில்லை. ஆகவே இரத்தத்தைச் சோதித்துத்தான் அறிய வேண்டும்.

உறங்கும் கிருமி விழிப்பது எப்படி?

ஈரல் அணுக்களில் பதுங்கியிருக்கும் கிருமியை நம் வெள்ளணுக்கள் காவல் காக்கின்றன. புற்றுநோய் மருந்துகளும், அவற்றோடு தரும் பிரெட்னிசலோனும் இந்தக் காவலைத் தளர்த்துகின்றன. ரிடக்சிமாப் ஊசி பி வகை வெள்ளணுக்களையே அழித்துவிடுகிறது. கிருமி தடையின்றிப் பெருகுகிறது. வெள்ளணுக்கள் மீண்டும் தலைதூக்கும்போது, கிருமி புகுந்த ஈரல் அணுக்களைத் தாக்குகின்றன. ஈரல் புண்படுகிறது, சிலருக்குச் செயலிழந்தே போகிறது.

1991-ல் வெளியான ஹாங்காங் ஆய்வு ஒன்றில், லிம்போமா நோயாளிகள் 100 பேரில் 27 பேர் கிருமியைச் சுமந்தவர்கள். அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குச் சிகிச்சையின்போது கிருமி கிளர்ந்தெழுந்தது. ரிடக்சிமாப் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2013-ல் எச்சரிக்கையைக் கடுமையாக்கியது.

ஈரல் கெட்டால் இன்னொரு கஷ்டமும் உண்டு. டாக்ஸோரூபிசின், வின்கிரிஸ்டின் ஆகியவை பித்தநீர் வழியாகவே பெரிதும் வெளியேறுகின்றன. காமாலை ஏறினால் அவற்றின் அளவைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டும். அந்த இடைவெளியில் புற்றுநோய் வளரும்.

தடுக்கும் வழி

முதல் மருந்துக்கு முன்பே இரத்தத்தில் இரண்டைப் பார்க்க வேண்டும்: கிருமியின் மேலுறைப் பொருள், கிருமியின் உட்பகுதிக்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருள். முதலாவது இல்லாவிட்டாலும், இரண்டாவது இருந்தால் ரிடக்சிமாப் பெறுவோருக்கு ஆபத்து உண்டு. கிருமி இருந்தால் என்டெகாவிர் அல்லது டெனோஃபோவிர் மாத்திரையை நாள்தோறும் தருவார்கள். புற்றுநோய் மருந்து முடிந்த பின்னும் பொதுவாக ஓராண்டு, ரிடக்சிமாப் பெற்றிருந்தால் ஒன்றரை ஆண்டாவது தொடர வேண்டும். உடம்பு தேறிவிட்டது என்று தாமாக நிறுத்துவதே பெரிய ஆபத்து.

ஹெப்படைட்டிஸ் சி-யையும் சோதிப்பது நல்லது. மெதுவாக வளரும் சில லிம்போமாக்கள், சி கிருமியை ஒழித்தாலே சுருங்குவதை 2002-ல் பிரான்ஸ் நாட்டு மருத்துவர்கள் காட்டினார்கள்.

நம் பங்கு

2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் அரசு மையங்களில் இந்தச் சோதனைகளும் மாத்திரைகளும் இலவசம். ஆனால் ஆவடியிலிருந்தோ பூந்தமல்லியிலிருந்தோ வந்துபோக, தினக்கூலிக்காரர் ஒருநாள் சம்பளத்தை விட வேண்டும். புற்றுநோய் தீர்ந்தபின் அப்படி வருவது அவருக்கு வீண் அலைச்சலாகத் தோன்றும். அந்த மாதங்களில் பஸ் செலவுக்கு உதவுவதும், "மாத்திரை சாப்பிட்டீர்களா அண்ணா?" என்று வீட்டுக்குப் போய் விசாரிப்பதும் உயிர் காக்கும் உதவிகள்.

சிந்திக்க:

1. நம் வீட்டில் யாருக்காவது காமாலை வந்திருந்தால், அது எந்த வகை என்று சோதித்தோமா?

2. கிருமி உள்ளவரின் மனைவி மக்களுக்குச் சோதனையும் தடுப்பூசியும் கிடைத்தனவா?

3. கூட உட்கார்ந்து சாப்பிடுவதால் இது தொற்றாது என்று அறிந்தும், அவரைத் தனித் தட்டில் சாப்பிட வைத்தோமா?