நலவாழ்வுப் பாடம்: நீலகிரித் தைலம் – அளவறிந்து பயன்படுத்துவோம்



சளி, தலைவலி, மூட்டுவலி என்றால் நம் வீடுகளில் முதலில் கை போவது நீலகிரித் தைலப் பாட்டிலுக்குத்தான். "இலையிலிருந்து எடுத்ததுதானே, என்ன செய்துவிடப் போகுது?" என்று பலர் நினைக்கிறோம். அந்த நினைப்பால்தான் சின்னக் குழந்தைகளுக்கு ஆபத்து வருகிறது. ஆகவே இந்த மாதப் பாடத்தில் இந்தத் தைலத்தைப் பற்றித் தெரிந்துகொள்வோம். ஊக்குநர்கள் இதைக் குழுக் கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள்.

தைலம் எப்படி வருகிறது?

யூகலிப்டஸ் மரத்தின் தாயகம் ஆஸ்திரேலியா. 1843-ல் அது நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டது. பிறகு விறகுத் தேவைக்காக மலை முழுக்க நட்டார்கள். மலையில் இதைக் கற்பூர மரம் என்றும், கீழே தைல மரம் என்றும் சொல்வோம். இலைகளைப் பெரிய அண்டாவில் போட்டு நீராவியில் காய்ச்சுகிறார்கள். ஆவியோடு வரும் எண்ணெய் குளிர்ந்து தண்ணீருக்கு மேலே மிதக்கும். அதைப் பிரித்து எடுத்தால் தைலம்.

சுமார் 100 கிலோ இலையைக் காய்ச்சினால் ஏறக்குறைய 1 கிலோ தைலம்தான் கிடைக்கும். அப்படியென்றால் ஒரு சொட்டில் எத்தனை இலையின் சத்து இருக்கும் என்று பாருங்கள். நாலு இலையைக் கொதிக்க வைத்து ஆவி பிடிப்பதும், தைலத்தைக் கரண்டியில் ஊற்றுவதும் ஒன்றல்ல. இதில் அதிகம் இருப்பது சினியோல் என்ற பொருள். மூக்கடைப்பு விட்ட மாதிரி குளிர்ச்சி தருவது இதுதான். அளவு மீறி உள்ளே போனால் மூளையைத் தாக்கி மயக்கமும் வலிப்பும் வரவைப்பதும் இதுதான்.

உடம்பில் தடவ

தைலத்தை நேரடியாகத் தோலில் ஊற்றித் தேய்க்கக் கூடாது. எரிச்சல், கொப்புளம் வரும். தேங்காய் எண்ணெய் அல்லது நல்லெண்ணெயில் கலந்துதான் தடவ வேண்டும்.

- கை, கால், முதுகு வலிக்கு: 2 மேசைக்கரண்டி, அதாவது 30 மி.லி. எண்ணெயில் 10 முதல் 12 சொட்டு.
- தோல் மென்மையானவர்கள், வயதானவர்கள்: அதே எண்ணெயில் 5 அல்லது 6 சொட்டு போதும்.
- முதல் தடவை என்றால், கலந்த எண்ணெயை முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள் பாருங்கள். அரிப்பு, சிவப்பு வந்தால் அது உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது.
- புண், வெட்டுக்காயம், கண் ஓரம், மூக்குத் துவாரம் ஆகிய இடங்களில் தடவக் கூடாது.
- குளிக்கிற தண்ணீரில் சொட்டுவது பலருக்குப் பழக்கம். தைலம் தண்ணீரில் கரையாது, மேலே மிதக்கும். அது அப்படியே தோலில் ஒட்டி எரியும்.

 எரிந்தால் சோப்புப் போட்டுத் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் உடனே சுத்தமான தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஆவி பிடிக்க, வாசனை பிடிக்க

2020, 2021 கொரோனா சமயத்தில் எல்லா வீட்டிலும் ஆவி பிடித்தோம். ஆவியால் கொரோனா குணமாகாது. மூக்கடைப்புக்குக் கொஞ்சம் சுகம் தரும், அவ்வளவுதான். அதற்கு வெறும் வெந்நீரே போதும். தைலம் சேர்ப்பதென்றால் 2 அல்லது 3 சொட்டு மட்டும்.

அடுப்பின் மேல் பாத்திரம் இருக்கும்போது குனியாதீர்கள். இறக்கி, ஆடாத இடத்தில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு 5 நிமிடம் பிடியுங்கள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஆவி பிடிக்கவே கூடாது. பாத்திரம் கவிழ்ந்தால் வெந்துபோகும்.

அழகு நிலையங்களில் "அரோமாதெரபி" என்று சொல்கிறார்களே, அந்த வாசனை பரப்பும் கருவியில் ஊற்றினாலும் இதே விதிதான். சொட்டுக் கணக்கு, ஜன்னல் திறந்த அறை, அரை மணிக்கு மேல் வேண்டாம். தைலம் சுலபமாகத் தீப்பிடிக்கும். விளக்கு, அடுப்புப் பக்கம் பாட்டிலைத் திறக்காதீர்கள்.

யாருக்கு வேண்டாம்?

- 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தைலம் எந்த வடிவிலும் வேண்டாம்.
- 10 வயதுக்குள் உள்ள பிள்ளைகளுக்கு முகத்தில், மூக்குப் பக்கம் தடவ வேண்டாம். மூச்சுக்குழாய் சுருங்கி மூச்சு முட்டலாம்.
- வலிப்பு நோய் உள்ளவர்கள் தடவவும் வேண்டாம், முகரவும் வேண்டாம். தைலமும் கற்பூரமும் கலந்த மருந்துகளைத் தடவி, முகர்ந்து வலிப்பு வந்த பெரியவர்களைப் பற்றிப் பெங்களூரு நரம்பியல் மருத்துவர்கள் ஆய்வு எழுதியிருக்கிறார்கள்.
- ஆஸ்துமா உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள் மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்த வேண்டாம்.

கூட்டங்களில் கேட்கும் கேள்விகள்

"அக்கா, பச்சைக் குழந்தைக்குச் சளி கட்டினா தேங்காய் எண்ணெயில கற்பூரம் போட்டுக் காய்ச்சி நெஞ்சுல தேய்ப்போமே, அது நல்லதுதானே?"

இல்லைம்மா. கற்பூரம் குழந்தையின் மெல்லிய தோல் வழியாகவே இரத்தத்தில் போய்விடும். வலிப்பு வரும். உயிருக்கே ஆபத்து. சளிக்குத் தாய்ப்பால் அடிக்கடி கொடுங்கள். மூச்சு வேகமாக இருந்தால், நெஞ்சு உள்வாங்கினால், பால் குடிக்காவிட்டால் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டு போங்கள்.

"வலிப்பு வந்தவங்களுக்குத் தைலம் முகரக் கொடுத்தா தெளிஞ்சிடுமாமே?"

தெளியாது. அதிகமாகத்தான் ஆகும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். 5 நிமிடத்துக்கு மேல் போனால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

"வெந்நீர்ல ரெண்டு சொட்டு விட்டுக் குடிச்சா இருமல் போகும்னு எங்க மாமியார் சொல்றாங்களே?"

மாமியாரிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். தைலம் குடிக்கிற மருந்தல்ல.

"நல்ல தைலம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டுக் காய விடுங்கள். எண்ணெய்க் கறை நின்றுவிட்டால் வேறு எண்ணெய் கலந்திருக்கிறது. கறை இல்லை என்பதால் சுத்தம் என்றும் சொல்ல முடியாது. டர்பன்டைன் கலந்தால் அதுவும் ஆவியாகிவிடும். ஆகவே தயாரிப்பாளர் பெயர், தொகுதி எண், காலாவதித் தேதி உள்ள பாட்டிலையே வாங்குங்கள்.

குழந்தை குடித்துவிட்டால்

சகோதரிகளே, இந்தப் பகுதியை இரண்டு தடவை வாசியுங்கள். ஒரு தேக்கரண்டி தைலமே குழந்தையை நினைவிழக்கச் செய்துவிடும். அதற்குக் குறைவாகவும் ஆபத்து வந்திருக்கிறது. குழந்தை தானாக எடுத்துக் குடிப்பது ஒரு பக்கம். இருட்டில், தூக்கக் கலக்கத்தில், இருமல் மருந்து என்று நினைத்துப் பெரியவர்களே கொடுத்துவிடுவதும் நடக்கிறது. இரண்டும் ஒரே மாதிரி சின்னப் பாட்டில்தானே.

வாய் எரிச்சல், வாந்தி, வயிற்றுவலி, தள்ளாட்டம், தூங்கி வழிவது, மூச்சுத் திணறல், வலிப்பு ஆகியவை அறிகுறிகள். பெரும்பாலும் அரை மணிக்குள் தெரியும். சில சமயம் சில மணி நேரம் கழித்தும் வரும். "விளையாடிட்டுத்தானே இருக்கான்" என்று காத்திருக்காதீர்கள்.

செய்யக் கூடாதது: வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர் கொடுக்கக் கூடாது. வாந்தியோடு தைலம் நுரையீரலுக்குள் போனால் நிலைமை இன்னும் மோசமாகும்.

செய்ய வேண்டியது: 108-ஐக் கூப்பிடுங்கள். தூங்கி வழிந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பாட்டிலைக் கையோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள். எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று டாக்டரிடம் சொல்லுங்கள். பயந்து மறைக்க வேண்டாம்.

தைலம் விற்கும் குழுக்களுக்கு

சில குழுக்கள் வலி நிவாரணத் தைலம் தயாரித்து விற்க விரும்புகின்றன. நல்ல தொழில்தான். ஆனால் நோய்க்கு மருந்து என்று சொல்லி விற்றால், 1940-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டப்படி உரிமம் வேண்டும். உரிமம் உள்ள தயாரிப்பாளரிடம் வாங்கி விற்பது சுலபமான வழி. பெரிய கேனில் வாங்கிக் குளிர்பான பாட்டிலில் பிரித்து ஊற்றுவது கூடவே கூடாது. தாகத்தில் யாராவது எடுத்துக் குடித்துவிடலாம்.

இந்த வாரக் கூட்டத்தில் செய்ய வேண்டியவை

1. ஒவ்வொரு உறுப்பினரும் வீட்டில் தைலம், கற்பூரம், அந்துருண்டை எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டும்.
2. அடுத்த கூட்டத்துக்குள் அவற்றைக் குழந்தைக்கு எட்டாத, பூட்டுள்ள இடத்துக்கு மாற்ற வேண்டும். குடிக்கிற மருந்தோடு சேர்த்து வைக்கக் கூடாது.
3. பாட்டிலில் "குடிக்கக் கூடாது" என்று பெரிதாக எழுதி ஒட்ட வேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்காக சிவப்புத் துணி கட்டலாம்.
4. "குடித்துவிட்டால் என்ன செய்வோம்?" என்று ஊக்குநர் கேட்க, உறுப்பினர்கள் பார்க்காமல் பதில் சொல்ல வேண்டும்.

கூட்டத்துக்கு வராத பக்கத்து வீட்டு அக்காவுக்கும், பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிக்கும் இதைச் சொல்லுங்கள். தைலப் பாட்டில் அவங்க கையிலதான் அதிகம் இருக்கும்.